அரை மில்லிமீட்டர் அழகு

"சார், இதுல லைட் வராது. பரவாயில்லையா?" என்று கேட்டார் சென்னை ரிச்சி தெருக் கடைத் தம்பி. அவருக்குப் பின்னால் சுவர் நிறையக் கணினி ஃபேன்கள் ஊதாவும் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி ஒளிர்ந்தன, கோயில் திருவிழாவின் சீரியல் பல்புகளைப் போல. என் கையில் அவர் வைத்ததோ சந்தன நிறச் சட்டத்துக்குள் காப்பிக்கொட்டை நிற இறக்கைகளோடு, ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல் அடக்கமாக இருந்தது. விரல் நுனியால் மெல்லச் சுண்டிவிட்டேன். ஒன்பது இறக்கைகளும் ஒன்றாய்க் கலந்து ஒரு பழுப்புத் தட்டாகி, ஓசையே எழுப்பாமல் சுழன்று, தளர்ந்து, கடைசியில் உள்ளிருக்கும் காந்தத்தின் பிடிக்கு இசைந்து இப்படியும் அப்படியுமாக ஒரு சிறு ஊசலாட்டம் ஆடி நின்றது. அந்த ஊசலாட்டத்திலேயே மனம் போய்விட்டது. "பரவாயில்லை தம்பி, மூணு குடுங்க" என்றேன்.

தன் கணினியைத் தானே பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்கள் பிராசசருக்காக ஒரு மாதம் யோசிப்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்காக ஆறு மாதம் பணம் சேர்ப்பார்கள். ஃபேன் என்று வரும்போது மட்டும், கேபினட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுவார்கள். சுழன்று கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கும் டிவிடி டிரைவும் விடைபெற்றுப் போன பிறகு, பெரும்பாலான கணினிகளில் அசைகிற பொருள் என்று மிஞ்சியிருப்பது ஃபேன் ஒன்றுதான். மற்றதெல்லாம் அசையாத சிலிக்கானும் செம்பும். மூச்சு விடுவது இது மட்டுமே. அந்த மூச்சைக் கொஞ்சம் நின்று கவனித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

நான் வாங்கியது ஆஸ்திரியாவின் வியன்னாவைச் சேர்ந்த நாக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25. 120 மில்லிமீட்டர் சதுரம், 25 மில்லிமீட்டர் கனம். உள்ளங்கையை விரித்தால் அதில் உட்கார்ந்துகொள்ளும். 2018-இல் வெளிவந்தது. 2005-இல் தொடங்கிய அந்த நிறுவனம் தன் பெயரைச் சிறு ஆந்தையின் அறிவியல் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. முத்திரையிலும் ஆந்தைதான். நம்மூரில் அபசகுனம் என்று ஒதுக்கப்படும் பறவைக்கு அங்கே கிடைத்த மரியாதை இது; அது பொருத்தமான மரியாதையும்கூட. கூகை போன்ற ஆந்தைகளின் இறகை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பில் நுண்ணிய சீப்புப் பற்கள், காற்று விட்டுப் பிரியும் பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பெல்லாம் வெல்வெட் போன்ற மென்மை. காற்று ஒரேயடியாக உடைந்தால் சத்தம் வரும். சின்னச் சின்னதாகப் பிரிந்தால் வராது. அந்தப் பாடத்தை அந்தப் பறவை எந்தப் பொறியாளருக்கும் முன்பே படித்து முடித்திருக்கிறது.

இறக்கையின் வடிவை இப்போது பாருங்கள். கதிர் அரிவாள் போன்ற வளைவு. அரிவாளின் வளைவு கதிரை ஒரே வெட்டாக வெட்டாமல் இழுத்து அறுக்கிறது அல்லவா? இந்த வளைவும் அப்படித்தான். காற்றை அறையாமல், அடியிலிருந்து நுனிவரை வழித்து எடுக்கிறது. நடுவில் நிமிர்ந்து நிற்கும் இறக்கை, நுனிக்குப் போகப் போகச் சாய்ந்து படுக்கிறது. நுனி வேகமாகச் சுற்றுகிறது, அடி மெதுவாகச் சுற்றுகிறது. இரண்டும் காற்றை ஒரே அளவில் தள்ள வேண்டுமானால் இந்த முறுக்கு வேண்டும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், இறக்கையின் முதுகில் மெல்லிய வாய்க்கால்கள் தெரிகின்றன. காற்று இறக்கையை விட்டு அவசரமாக விலகிச் சுழித்துவிடாமல், பரப்போடு ஒட்டிப் போவதற்காகப் போட்ட வரப்புகள் அவை. இத்தனை நுணுக்கத்தையும் ஒரு நொடியில் மறைத்துவிடுகிறது சுழற்சி. ஓடத் தொடங்கியபின் யாருக்கும் தெரியாது என்று தெரிந்தே செய்த வேலை என்பதால்தான் அதன் மேல் இத்தனை பிரியம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இறக்கையே இல்லை. இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அரை மில்லிமீட்டர். ஒரு தாளை நாலைந்து மடிப்பாக மடித்து நுழைத்தால் நிறைந்துவிடும் சந்து. அந்தச் சந்து அகலமாக இருந்தால், முன்னே தள்ளிய காற்று இறக்கையின் நுனியைச் சுற்றிப் பின்னுக்கே கசியும். பலமும் போகும், இரைச்சலும் வரும். சரி, சந்தைக் குறுக்கிவிட வேண்டியதுதானே என்றால், அங்கே ஒரு சிக்கல். முழு வேகத்தில் இந்த ஃபேன் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும். அப்போது இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். டவுன் பஸ் வேகத்தில் ஒரு சுவரை ஒட்டி, அரை மில்லிமீட்டர் தள்ளி, ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டும். ஒரு தடவைகூட உரசக்கூடாது. சாதாரணப் பிளாஸ்டிக் வெப்பத்திலும் சுழற்சியின் இழுப்பிலும் நாளடைவில் நீண்டு கொடுக்கும். அதனால்தான் இந்த இறக்கைகளை ஸ்டெராக்ஸ் என்று பெயரிட்ட திரவப் படிகப் பாலிமரில் வார்த்து, நடுக்குடத்துக்கு எஃகால் பலம் கொடுத்திருக்கிறார்கள். இப்படித்தான் அந்த அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகவே இருக்கிறது. வெறும் இடைவெளியையும் ஒரு சிற்பமாகக் காக்க முடியும் என்று இதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். மோட்டாரைத் தாங்கும் நான்கு கைகள். அவையும் நேராக இல்லை. இறக்கையின் விளிம்பு ஒரு கையை முழுதாக ஒரே கணத்தில் கடந்தால், ஒவ்வொரு முறையும் 'டப்' என்று காற்று மோதும். குறுக்கே வளைந்திருந்தால், கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் ஓரிடத்தில் தொடங்கி நழுவிக்கொண்டே போய் முடியும். மோதல் உரசலாகக் கரைந்துவிடும். ஒன்பது இறக்கைகளையும் நான்கு கைகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒன்பதை நான்கால் வகுத்தால் மீதம் வரும். அந்த மீதம்தான் நமக்குக் கிடைக்கும் அமைதி: எந்த நேரத்திலும் ஒரே ஒரு இறக்கைதான் ஒரு கையைக் கடக்கும், எல்லாம் ஒன்றுகூடிக் கத்தாது.

இனி அதன் குரல். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20. ஒன்பது இறக்கைகள், ஆக, நொடிக்கு 180 முறை ஓர் இறக்கை கடந்து போகிறது. அந்த 180 என்ற அதிர்வெண், சுருதிப் பெட்டியில் நாலு கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவே விழுகிறது. பெண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் சுருதிக்குப் பக்கம். வேகத்தை 800-க்கு இறக்கினால் 120. ஒரு கட்டைக்கும் சற்றுக் கீழே. அமைதியான ஃபேன் என்றால் ஓசையே இல்லாத ஃபேன் என்று நினைத்திருந்தேன். கூர்ந்து கேட்டபிறகு தெரிந்தது, நல்ல ஃபேன் ஒரு தம்புராவைப் போலப் பின்னணியில் மெல்ல இழைகிறது. தாழ்ந்த, சீரான, கரகரப்பில்லாத ஓசையைக் காது சீக்கிரம் மன்னித்து மறந்துவிடும். கீச்சிடும் ஒற்றைச் சுரத்தை எவ்வளவு சன்னமாக ஒலித்தாலும் மறக்காது. இரண்டு ஃபேன்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடினால் சுருதி சேராத இரு தந்திகள்போல் 'ம்ம்... ம்ம்...' என்று அலை எழும்பும். அதற்காகவே நாக்டுவாவின் இரண்டாம் தலைமுறை 140 மில்லிமீட்டர் ஃபேன்களைச் சோடியாக விற்கும்போது, ஒன்றைக் கொஞ்சம் வேகமாகவும் மற்றதைக் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். வேண்டுமென்றே சுருதியை விலக்கிவைக்கும் அந்த ரசனையை என்னவென்று சொல்வது!

மெதுவாகச் சுற்றுவதில்தான் எல்லாச் சூட்சுமமும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதிதான் குறையும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கிவிடும். அதே ஃபேன் இன்னொன்றைச் சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபெல். ஆகவே ஒன்றை விரட்டுவதைவிட இரண்டை உலாவவிடுவது நலம். கேபினட்டில் இடம் இருந்தால் 120-க்குப் பதில் 140. அகன்ற இறக்கை அதே காற்றை நிதானமாகவே தந்துவிடும். நான்காவது ஒயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் வழியே நொடிக்கு 25,000 துடிப்பாக வரும் கட்டளைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மனிதக் காதின் எல்லைக்கு மேலே ஓடுவதால், கட்டளை நம் காதில் விழுவதில்லை. கணினியின் பயாஸ் அமைப்பில், வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைக் காட்டும் கோட்டைப் படிக்கட்டாக இல்லாமல் சரிவாக இழுங்கள். ஓர் இணையப் பக்கத்தைத் திறந்த கணத்தில் திடுக்கென்று சீறி, மறுகணம் அடங்கும் ஃபேனைவிட, சற்று உயர்ந்த வேகத்திலேயே மாறாமல் ஓடும் ஃபேன் காதுக்கு இனிது.

மூலைகளை விட்டுவிட்டேனே! நான்கு மூலையிலும் சின்னச் சின்ன ரப்பர் திண்டுகள். போட்டு முடித்த அன்று இரவு ஒரு முனகல் கேட்டது. ஃபேனைச் சந்தேகித்தேன். கேபினட்டின் பக்கத் தகட்டில் ஒரு விரலை வைத்தேன், நின்றது. எடுத்தேன், தொடர்ந்தது. ஒரு திண்டு நழுவியிருந்ததால், ஃபேனின் துடிப்பைத் தகடு வாங்கிக் கொட்டு வாத்தியமாகிவிட்டது. அதைச் சரியாக உட்கார வைத்ததும் தகடு ஊமையானது. கால் ரூபாய்க் காசு அளவு ரப்பருக்கு அத்தனை அதிகாரம்.

நிறத்துக்கு வருவோம். சந்தனமும் காப்பியும் பலருக்குப் பிடிப்பதில்லை. அதே ஃபேனைக் கறுப்பிலும் தருகிறார்கள். ஜெர்மனியின் பி கொயட் நிறுவனத்துச் சைலன்ட் விங்ஸில் கறுப்பு இறக்கை முழுக்க ஓலை விசிறியின் மடிப்புகள்போல வரிகள் ஓடும். தைவானின் லியான் லி செய்யும் யூனி ஃபேன்கள் ஒன்றோடொன்று பக்கவாட்டில் கோத்துக்கொள்ளும்; மூன்று ஃபேனுக்கு மூன்று ஒயர்க் கொத்து தொங்காது. கண்ணாடிக் கேபினட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தர்மசங்கடம் உண்டு. ஃபேனின் அழகான முகம் காற்றை இழுக்கும் பக்கம். கைகள் தெரியும் முதுகு காற்றை விடும் பக்கம். உள்ளே காற்று இழுக்கும் ஃபேன் உங்களுக்கு முதுகைத்தான் காட்டும். அதற்காகவே இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிய ஃபேன்களும் இப்போது கிடைக்கின்றன. முகத்தைக் காட்டிக்கொண்டே காற்றை உள்ளே தரும். அலங்காரம் என்று யாரும் இளக்காரமாகச் சொல்லவேண்டாம். நாளெல்லாம் கண்ணெதிரே இருக்கும் பொருள் லட்சணமாக இருக்கவேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை.

ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில், தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தில் ஓடும்போது, என் கணினியில் எந்த ஃபேன் இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மேல் ஃபேனை அணைத்துவிட்டுப் போர்வையைத் தேடும் மார்கழி இரவில்தான் இதற்குக் கச்சேரி. தெரு அடங்கியபின், மேசைக்கடியில் அது மெல்ல இழைந்துகொண்டிருக்கும். ஓடுகிறதா என்று கை நீட்டிப் பார்ப்பேன். புறங்கையில் இளங்காற்று படும்.

நீங்களும் ஃபேன் வாங்கும்போது, அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்களைப் படித்த கையோடு, அதை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். விளிம்பின் சந்தைப் பாருங்கள். முதுகின் வளைந்த கைகளைத் தடவிப் பாருங்கள். கேபினட்டில் திருகிவிட்டால், பிறகு பல ஆண்டுகள் அதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. பூட்டுவதற்கு முன் ஒரே ஒருமுறை விரலால் சுண்டிவிட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருங்கள்.