கெராசிமின் தோள்கள்

டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் குறுநாவலைச் சாவின் கதை என்பர். சாகின்றவனுக்குத் துணைநிற்றலின் கதை என்பதே பொருந்தும்.

நீதித்துறை அதிகாரியான இவானை நோயினும் மிகுதியாக வாட்டுவது, அவன் தேறிவிடுவான் எனச் சுற்றத்தாரும் மருத்துவரும் நடிக்கும் பொய்யே. பணியாள் கெராசிம் மட்டும் நடிப்பதில்லை. முகம் சுளிக்காமல் கழிவுகளை அகற்றுகிறான். வலி தணியுமாறு நோயாளியின் கால்களைச் சில இரவுகள் முழுதும் தன் தோள்களில் தாங்குகிறான். எல்லாரும் ஒருநாள் இறப்பவரே என்றுணர்ந்த அவனுக்கு அப்பணி சுமையன்று. ஆறுதல்மொழிகளை அவன் வாயில் திணிக்காமை ஆசிரியரின் கலைத்திறன்.

இறுதியில் பள்ளி மாணவனான மகன் தந்தையின் கையை முத்தமிட்டு அழுகிறான். அவனும் சொல்லாலன்றித் தொடுகையாலேயே துணையாகிறான். அப்போதுதான் இவானின் நெஞ்சில் பிறர்மீது இரக்கம் பிறக்கிறது. மெய்ம்மையோடு கூடிய பரிவே கடைசி மருந்து என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த படைப்பு அரிது.