தறி ஓட்டத் தெரிந்த கைகள்

இங்கிலாந்தின் பர்ன்லி நகரை ஒட்டிய ஹார்ல் சைக் கிராமத்தில் 1895-இல் எழுந்தது குவீன் ஸ்ட்ரீட் மில். உள்ளூர்த் தொழிலாளர்கள் பங்குப் பணம் போட்டு வளர்த்த நெசவாலை. 1982-இல் உற்பத்தி நின்றது. 1986-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நீராவியால் தறி ஓட்டக்கூடிய நெசவாலைகளில் உலகில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பழைய ஆலைகளை அருங்காட்சியகமாக மாற்றும் முறையின் நிறைகுறைகளை எடைபோட இது நல்ல களம்.

முதல் நிறை, எதையும் இடம்பெயர்க்காதது. 500 குதிரைத்திறன் கொண்ட ‘பீஸ்’ நீராவி எஞ்சின் பழைய அறையிலேயே நிற்கிறது. அது சுழற்றும் ஷாஃப்ட் கூரையடியில் நீள, அதிலிருந்து தறிதோறும் பெல்ட் இறங்குகிறது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட லங்காஷயர் தறிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கூரைக் கண்ணாடிகள் வடக்கு நோக்கியவை. வெயில் நேராக விழாமல் நாள் முழுவதும் சீரான வெளிச்சம் கிடைக்கும், அறுந்த இழை சட்டெனக் கண்ணில் படும். தறியை மட்டும் பெயர்த்து நகரத்துக் கூடத்தில் வைத்தால் இந்தப் பிணைப்பு விளங்காது.

தொழிலாளியின் உடல் பட்ட பாட்டைச் சொல்வதில்தான் இம்முறை தடுமாறுகிறது. லங்காஷயர் நெசவாளர்கள் தார் எனும் ஊடைநூல் குழலை மாற்றும்போதெல்லாம், அதைச் சுமந்தோடும் நாடாவின் துளையில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்தார்கள். பலர் வாய் பட்ட நாடா நோய் பரப்பும் என்ற அச்சம் அன்றே இருந்தது. இரைச்சலில் காது மங்கி, உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். சில நிமிடம் தறியோட்டம் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இயந்திரத்தின் அழகு மட்டுமே மனத்தில் தங்கும். அந்த வாழ்க்கையையும் அங்கேயே எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

ஓட்டினால் பாகங்கள் தேயும், நிறுத்தியே வைப்பதுதான் பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் ஓடாத தறியைச் செப்பனிட யாரும் கற்கப்போவதில்லை. பாகம் தேய்ந்தால் புதிதாக வார்க்கலாம். பாவு நூலின் இறுக்கத்தை விரலால் அறியும் பழக்கத்தை வார்க்க முடியாது.

பெருங்குறை நிதியில் இருக்கிறது. செலவைக் குறைக்க 2016-இல் லங்காஷயர் கவுண்டி மன்றம் இதை மூடியது. பின்னர் குறைந்த நாட்களுக்கே மீண்டும் திறந்தது. கட்டடத்துக்கு முதல்தரப் பாரம்பரியச் சின்னம் என்ற சட்டக் காப்பு உண்டு. எஞ்சினையும் தறியையும் இயக்கும் கைகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஆலையை அருங்காட்சியகமாக மாற்றத் திட்டமிடும் எவரும் சுவருக்கும் கூரைக்கும் ஒதுக்கும்போதே அந்தக் கைவேலையைக் கற்கும் பழகுநர்களின் சம்பளத்துக்கும் நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும். அதற்கு வழியில்லாத திட்டத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது.