கடல் வடிந்ததாலா மடிந்தன?

1960களில் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் நார்மன் நியூவெல் முன்வைத்த விளக்கத்துக்கு எளிமைதான் பலம். கடல் உயிர்களில் பெரும்பாலானவை ஆழமற்ற நீரில் வாழ்கின்றன; கடல்மட்டம் இறங்கினால் அந்த இடம் தரையாகிவிடும்; குடியிருக்க இடமில்லாதவை மடியும். பேரழிவுகள் சிலவற்றோடு கடல் இறக்கமும் சேர்ந்தே வந்ததால் இந்த வாதம் நெடுநாள் செல்வாக்கோடு இருந்தது.

இதை உரசிப் பார்க்க ஆர்டோவீசியன் காலத்தின் முடிவுதான் ஏற்ற இடம். சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்துருவத்தை ஒட்டிக் கிடந்த இன்றைய சகாரா பகுதியைப் பனிப்பாளம் மூடியது. நீர் பனியாக உறைய உறையக் கடல் பல பத்து மீட்டர் இறங்கியது. கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் மறைந்தன. அன்றைய வட அமெரிக்காவில் பெரும்பரப்பைத் ஆழமற்ற உள்நாட்டுக் கடல்கள் மூடியிருந்தன. சிறிது இறங்கினாலே போதும், அவை வடிந்துவிடும். இதுவரை நியூவெல் பக்கம்தான் நியாயம்.

இடிப்பது கிராப்டோலைட்டுகள் என்னும் புதைபடிவங்கள். கரும்பாறைப் பலகையில் பென்சிலால் கீறியதுபோலத் தெரியும் இவற்றின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரம்பப் பற்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு சிற்றுயிரின் அறை. இவற்றுள் பெரும்பாலானவை கடல் நீரில் மிதந்து வாழ்ந்தவை. அடித்தரை வெளியே தெரிந்தால் இவற்றுக்கு என்ன நட்டம்? ஆனாலும் அடியோடு அழியாமல் மயிரிழையில்தான் தப்பின. கணுக்காலிகளான ட்ரைலோபைட்டுகளிலும் இளம்பருவத்தை மிதந்தே கழித்த இனங்கள் கூடுதலாக அடிபட்டன.

கடல் இறங்கினாலே அழிவு வந்துவிடுவதும் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. பாக் நீரிணையே தரையாகக் கிடந்தது. அப்போது கடலில் பேரழிவு எதுவும் நடக்கவில்லை.

இன்னொரு சிக்கல், சாட்சியைப் பற்றியது. கடல் பின்வாங்கிய இடத்தில் வண்டல் படியாது; முன்பு படிந்ததும் அரித்துப் போகும். புதைபடிவம் கிடைக்காததையே அழிவு என்று நாம் எண்ணிவிடலாம். தொல்லுயிரியலாளர் சேத் ஃபின்னகன் குழு 2012இல் இதைத்தான் சோதித்தது: வட அமெரிக்கப் புதைபடிவங்களைப் பாறை இடைவெளிகளோடு பொருத்திப் பார்த்தது. இடைவெளி மட்டுமே அழிவை விளக்கவில்லை. வெப்பமண்டலத்துக்குள் அடங்கி வாழ்ந்தவை அதிகம் போயிருந்தன. கனடாவின் ஆன்டிகோஸ்டி தீவுச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து வந்த வெப்பநிலைக் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது: வெப்பமண்டலக் கடல் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது.

ஆகவே கடல் இறக்கத்தைத் தனிக்காரணமாக ஏற்க முடியாது. உள்நாட்டுக் கடல்கள் பரந்து கிடந்த காலத்தில், குளிரும் கூடவே வந்தபோது, அது கொல்ல உதவியது. அந்த அளவுக்கு மட்டும் நியூவெல் சரி. அதற்கு மேல் அவர் வாதத்தை இழுத்தால் ஆர்டோவீசியன் அழிவின் இரண்டாம் அலையே குறுக்கே நிற்கும். பனி உருகி, கடல் ஏறி, ஆக்சிஜன் குன்றிய நீர் பரவியபோது வந்த அலை அது. அதில் மாண்டவை, பனி படர்ந்தபோது வந்த முதல் அலைக்குத் தப்பி, குளிருக்குப் பழகியிருந்த உயிர்கள்.