‘அசென்ஷன்’: ஒரு தட்டும் இரு பாடங்களும்

ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ என்னும் ஜாஸ் இசைத்தட்டின் வினைல் மறுபதிப்பு ஒன்று அண்மையில் எம் கைக்கு எட்டியது. பெயரைக் கண்டு, பரமேறுதல் திருநாளுக்கு ஏற்ற பக்தியிசை என எண்ணித் தட்டைச் சுழலவிடுவோர் ஐந்து நிமிடத்தில் அதை நிறுத்திவிடக்கூடும். முதன்முறை யாமும் அவ்வாறே செய்தோம். எனினும் வேதாகம மூலபாடத் திறனாய்வைப் பயில்வோர், இத்தட்டின் வரலாற்றில் தமக்குப் பழக்கமான ஒரு சிக்கலைக் காண்பர்.

1965 ஜூன் 28ஆம் நாள், நியூ ஜெர்சியிலுள்ள ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினொரு கலைஞர் கூடினர்: சாக்ஸபோன் ஐந்து, ட்ரம்பெட் இரண்டு, பியானோ ஒன்று, பாஸ் இரண்டு, டிரம்ஸ் ஒன்று. ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீளும் இப்படைப்பை அன்று இருமுறை முழுமையாக வாசித்தனர். அவற்றுள் ஒன்றை இம்பல்ஸ் நிறுவனத்தார் 1966இல் தட்டாக வெளியிட்டனர். பின்னர் கோல்ட்ரேன் மற்றதையே விரும்பினார். ஆகவே உறையும் வரிசையெண்ணும் மாறாதிருக்க, உள்ளிருந்த இசை மட்டும் மாற்றப்பட்டது. இசை முடிந்தபின் ஊசி சுற்றியோடும் வெற்றிடத்தில் ‘இரண்டாம் பதிப்பு’ என ஆங்கிலத்தில் பொறித்திருந்ததே அடையாளம். ஏட்டின் கடைசியில் படியெடுத்தவன் எழுதிவைக்கும் குறிப்பைப் போன்றது அது.

எமக்குக் கிடைத்த மறுபதிப்பிலோ அப்பொறிப்பும் இல்லை. உறையில் ஒரு விளக்கமும் இல்லை. இதைச் சிறு குறையென்று தள்ளிவிட இயலாது. எல்வின் ஜோன்ஸின் தனி டிரம்ஸ் வாசிப்பு முதற்பதிப்பில் உண்டு, இரண்டாவதில் இல்லை. அதைக் கொண்டே எம்மிடமிருப்பது இரண்டாவது எனத் தெளிந்தோம். ஆக்கியோனின் இறுதி விருப்பமே செல்லும் என்பர் ஒரு சாரார். மக்கள் முதலில் கேட்டதே மூலம் என்பர் மறு சாரார். கோல்ட்ரேன் தெரிந்துகொண்டதையே தட்டில் பதித்தது தக்கதென்பது எம் கருத்து. ஆயினும் வேறொரு பாடமும் உண்டென்பதைக் கேட்போருக்கு அறிவியாதிருப்பது தகாது. இரண்டையும் ஒருசேரத் தந்த குறுந்தட்டு வெளியீட்டாளர் இவ்வகையில் நேர்மையாளர்.

இனி இசைக்கு வருவோம். எல்லாரும் ஒரே நேரத்தில் முழங்கும் பகுதிகளைக் கேட்டு, கொரிந்து சபையின் குழப்பத்தை நினைப்பது எளிது. கூர்ந்து கேட்டால் நிகழ்வது வேறு. கூட்டொலி அடங்கியதும் ஒருவர் எழுந்து தம் மனோதர்மப்படி வாசிக்கிறார்; தாளக் கருவிகளும் பியானோவும் உடன்செல்ல, ஏனைய ஊதுகருவிகள் காத்திருக்கின்றன. அவர் முடித்ததும் கூட்டம் முழுவதும் மறுமொழி தருகிறது, பின்பு மற்றொருவர். பவுல் அச்சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் கேட்கும் ஒழுங்கு இதற்கு அத்தனை தொலைவிலில்லை. கோல்ட்ரேனின் பாட்டனார் இருவருமே ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சீயோன் சபையின் போதகர்கள் என்பதையும் இங்கே நினைக்கலாம். அதற்காக இதைக் கிறிஸ்தவ இசையென உரிமை பாராட்டுவதை யாம் ஏற்கோம்; எல்லாச் சமயங்களையும் மதித்த அவர் அவ்வாறு ஒருபோதும் சொன்னதில்லை.

கூட்டொலிப் பகுதிகள் சில மிகையாக நீள்கின்றன. ஃபிரெடி ஹப்பர்டின் ட்ரம்பெட் வரும்போது சன்னல் திறந்தாற்போல் இருக்கிறது. மெக்காய் டைனரின் பியானோவும் அப்படியே. நடுவில் தட்டைப் புரட்டவேண்டிய தடையைப் பலர் குறைகூறுவர். எம் வீட்டார் அந்த இடைவேளைக்காகவே காத்திருந்தனர்! எமக்கும் அது உதவிற்று. முதற்பக்கத்தை நிறுத்தி எண்ணிப்பார்க்க இடம் கிடைத்தது.

கோல்ட்ரேன் 1967 ஜூலை 17இல் தமது நாற்பதாம் வயதில் காலமானார். நியூயார்க்கின் தூய பேதுரு லுத்தரன் ஆலயத்தில் நடந்த அடக்க ஆராதனையில், இத்தகைய கட்டற்ற இசைக்குப் பேர்பெற்ற ஆல்பர்ட் அய்லரும் ஆர்னெட் கோல்மனும் தத்தம் குழுவினருடன் வாசித்தனர். அவ்வாலயத்தார் நிறுத்தச் சொல்லவில்லை.

தட்டைக் கல்லூரி நூலகத்துக்கு அளித்துள்ளோம். உறையின் உட்புறத்தில் பென்சிலால் ‘இரண்டாம் பதிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.