வயித்துத் தோல் ரன்

"அது வயித்துத் தோல் ரன் தம்பி. அளவுக்கு வரும், ஷூவுக்கு வராது."

ஆம்பூர் நெடுஞ்சாலையோரத்து டீக்கடை ஒன்றில் இதைக் கேட்ட காலையில் என் டீ ஆறிப்போனது. கைவிட்டுப்போன ஆட்டத்தில் கடைசி நான்கு ஓவரில் யாரோ அடித்த நாற்பதைப் பற்றிய பேச்சு அது. சொன்னவர் டேனரியில் செலக்‌ஷன் பார்க்கும் பாய். எதிரில் இருந்தவன் செல்போனில் ஸ்ட்ரைக் ரேட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். பாய் அதைப் பார்க்கவே இல்லை.

வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். முதுகுப் பக்கம் நெருக்கமாக, உறுதியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் இழுத்த பக்கம் போகும். அளக்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஷூவின் முகப்பை வெட்டுகிறவனுக்கு ஒன்றல்ல. அதனால்தான் அளவு எடுப்பது ஒரு வேலை, தரம் பிரிப்பது வேறு வேலை. பகல் வெளிச்சத்தில் தோலை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவி, மடித்து விரலால் தள்ளிச் சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். உண்ணி கடித்த தடம், முள் கீறல், உரிக்கும்போது பட்ட கத்தி எல்லாம் அங்கேதான் தெரியும்.

ஐபிஎல்லின் ஆரஞ்சுத் தொப்பி அந்த அளக்கும் இயந்திரம் மாதிரி. யார் அதிக ரன் எடுத்தாரோ அவருக்கு, அவ்வளவுதான். பாலாற்றங்கரையின் இந்தத் தோல் ஊர்களில் ஏப்ரல், மே மாதக் காலைகளில் நடக்கும் வாதத்தை நான் ரசிக்கத் தொடங்கியதே, இவர்கள் அந்த இயந்திரத்தை நம்ப மறுப்பதால்தான். சென்னையில் நான் கேட்ட கிரிக்கெட் பேச்சு பெரும்பாலும் கட்சிப் பேச்சு: நம்ம ஆள், உங்க ஆள். இங்கே அதுவும் உண்டு, சத்தமாகவே உண்டு. ஆனால் சத்தம் அடங்கிய பிறகு யாராவது ஒருவர் இன்னிங்ஸை மேஜைமேல் விரித்துவிடுவார்.

2013 இன்னமும் விரிபடுகிறது. அந்த வருடம் தொப்பி நம் மைக் ஹஸ்ஸிக்கு, 733 ரன். பின்னாலேயே கிறிஸ் கெய்ல், 708. கெய்லின் கணக்கில் புனே அணிக்கு எதிராக 66 பந்தில் அடித்த 175 இருக்கிறது. கழித்தால் மிச்சம் 533. ஹஸ்ஸிக்குச் சதமே கிடையாது, அதிகபட்சம் 95. "ஒரு இடத்துல மொத்தம், மீதி இடத்துல மெல்லிசு. அத எங்க கொண்டுபோய் வெட்டுவ?" என்பது ஒரு கட்சி. மறு கட்சிக்காரர் ஷேவிங் மிஷினில் வேலை பார்த்தவர். தோலின் கனத்தைச் சீராக்குவதே அவர் பிழைப்பு. அவர் ஹஸ்ஸி பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். இல்லை. "சீரா இருக்குறத மிஷினே பண்ணிடும்ணா. அந்த 175-அ எந்த மிஷின் பண்ணும்?" இதற்கு யாரிடமும் பதில் இல்லை. அந்த வருடம் ஆரஞ்சு ஹஸ்ஸிக்கு, 32 விக்கெட் எடுத்த பிராவோவுக்கு அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி, இரண்டுமே சென்னைக்கு. கோப்பை மட்டும் மும்பைக்குப் போனது என்று யாரோ முனகியதும் பேச்சு திசைமாறியது.

2021 இதைவிட நுட்பமான வழக்கு. ருதுராஜ் 635, டூ பிளெஸ்ஸி 633. இருவரும் ஒரே சென்னை அணி, ஒன்றாக இறங்கியவர்கள். துபாய் இறுதி ஆட்டத்தில் டூ பிளெஸ்ஸி 86 ரன்னில் இன்னிங்ஸின் கடைசிப் பந்தைத் தூக்கி அடித்துப் பிடிபட்டார். அது எல்லையைத் தாண்டியிருந்தால் தொப்பி கைமாறியிருக்கும். ஆட்ட நாயகன் விருது அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் இங்கே ஒருவர் விடவில்லை. தொடக்கத்திலேயே தினேஷ் கார்த்திக் தவறவிட்ட ஸ்டம்பிங்கை எடுத்துப்போட்டார். "கத்தி பட்டிருக்கணும், தப்பிச்சது. தப்பிச்ச தோலுக்கு ரேட்டக் கொறப்பியா நீ?" என்று பாய் கேட்க, நல்ல வாதம் எப்படி முடியுமோ அப்படி முடிந்தது: எதிராளி சிரித்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது 2023 இறுதி ஆட்டம் பற்றிய வழக்குதான். அகமதாபாத்தில் மழை பெய்து, மே 30 விடியற்காலை ஒன்றரை மணிக்குமேல் முடிந்தது. அன்று காலை டீக்கடையில் தூங்கிய முகம் ஒன்றுகூட இல்லை. மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு ஆறு, ஒரு நான்கு. கோப்பை சென்னைக்கு. விருது 25 பந்தில் 47 எடுத்த டெவன் கான்வேக்கு. ஜடேஜாவுக்கு ஏன் இல்லை என்று ஒரு கூட்டம் கத்தியது; அது எதிர்பார்த்ததே. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "சாய் சுதர்சன்."

கடை ஒரு நொடி நின்றது. தோற்ற குஜராத்துக்காக 47 பந்தில் 96. நம் சென்னைப் பையன், நம் அணியையே அடித்தான். தோற்றவனுக்கு விருதா என்றார்கள். பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "முதுகுத் தோல்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2025-இல், அதே பையன் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பியை வாங்கினான். இயந்திரத்துக்கு முன்னாலேயே கை கண்டுபிடித்துவிட்டது என்று எனக்குப்பட்டது. பாயிடம் சொன்னேன். பாராட்டை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த 96-க்குப் பிறகும் சென்னைதானே ஜெயித்தது என்று திருப்தியாகச் சொன்னார்.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் இதே சண்டையை 2012-இல் போட்டார்கள். மிகேல் கப்ரேரா அடித்தாடும் சராசரி, ஹோம் ரன், ரன் ஈட்டல் மூன்றிலும் முதலிடம். 45 வருடமாக யாரும் செய்யாதது. எதிரில் மைக் ட்ரவுட் என்ற புதுப்பையன். ஓட்டம், தடுப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் இவன்தான் பெரியவன் என்றது புள்ளியியல் கூட்டம். அங்கே சிறந்த ஆட்டக்காரரைத் தேர்வது விளையாட்டு எழுத்தாளர்களின் ஓட்டு. 28 முதலிட ஓட்டில் 22 கப்ரேராவுக்கு. அங்கே நுணுக்கம் பேசியது கணினி, மொத்தத்தைப் பிடித்துக்கொண்டது மனிதர்கள். ஆம்பூரில் தலைகீழ்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். இந்த வாதம் ஆண்களின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி பஸ் சிக்னலில் நிற்கும்போது ஜன்னல் வழியாக வரும் பெண்களின் தோனிப் பேச்சு இதைவிட வேகமானது, ஈவிரக்கமற்றது. பஸ் நகர்ந்துவிடுவதால் எந்த வழக்கின் தீர்ப்பையும் நான் முழுதாகக் கேட்டதில்லை.

2019 மட்டும் தனி. ஹைதராபாத் இறுதி ஆட்டம், சென்னைக்கு ஒரு ரன் தோல்வி. எட்டுப் பந்தில் இரண்டு ரன் எடுத்திருந்த தோனி, இஷான் கிஷன் எறிந்த எறியில் ரன் அவுட். மட்டை கோட்டில் இருந்ததா, கோட்டுக்கு வெளியிலா? போன சீசனில் புதிதாக வந்த பையன் ஒருவன், ஊர் வழக்கம் தெரியாமல், பாயிடம் அதைக் கேட்டுவிட்டான். "நீங்கதான் எல்லாத்தையும் வெரிச்சுப் பாப்பீங்களே பாய், அது அவுட்டா இல்லியா?"

பாய் சட்டைப் பையில் சில்லறை தேடினார். "அத மட்டும் நான் மேஜைமேல போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டீக்குக் காசு கொடுத்து, டேனரிக்குப் போனார்.