ஆசான் சொன்ன கதையும் முன்சீப் கேட்ட கேள்வியும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். ‘குருவால் உயர்ந்த தமிழ்த் தாத்தா’ என்பது தலைப்பு. பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். ஆனால் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அள்ளி அள்ளிக் கொடுத்தார், சீடர் கைகட்டி வாங்கிக்கொண்டார், ஆகவே நாமும் பெரியோர் சொற்படி நடப்போம் என்று முடித்தார்கள். கைதட்டலும் ஒரே அளவில் விழுந்தது.

எல்லாம் முடிந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். “தாத்தா, அவருக்குப் பாட்டுன்னா அவ்வளவு இஷ்டமாமே. வாத்தியார் வேணாம்னதும் விட்டுட்டாராமே. அது சரியா?” என்று கேட்டாள். “அந்தக் காலம் அப்படிம்மா” என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்த மறுமொழி எனக்கே பிடிக்கவில்லை. கடையில் சரக்கைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டால் இப்படிச் சொல்வேனா? அந்தக் குழந்தைக்குப் பட்ட கடனைத்தான் இக்கட்டுரையில் தீர்க்கப் பார்க்கிறேன். அதற்காக ‘என் சரித்திர’த்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

பெயரும் பாட்டும்

1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த நூல் அது. 1942இல் ஐயரவர்கள் காலமானதால் முற்றுப்பெறாமல் நின்றது, 1950இல் புத்தகமாயிற்று. எண்பத்தைந்து வயதுக் கிழவர் ஒருவர் தம்முடைய பதினாறு வயதை நினைத்து எழுதுகிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். வெற்றி பெற்ற பிறகு எழுதப்படும் கணக்கில் செலவுப் பக்கம் சிறியதாகத் தெரிவது இயற்கை.

1871இல் அவர் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்கிறார். முறைப்படி வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிடுவது சாமிநாதன். ஆசிரியருக்கு இரண்டாவது பெயர் பிடித்துப் போகிறது. அன்று முதல் அவர் சாமிநாதன். உலகம் அறிந்த அந்தப் பெயர், பெற்றோர் வீட்டில் வைத்திருந்ததாக இருந்தாலும், நிலைத்தது ஆசிரியர் தேர்ந்தெடுத்ததால். ஒரு வழிகாட்டி எவ்வளவு ஆழம் வரை வரமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது பாட்டு. ஐயருடைய தந்தையார் இராமாயணக் கதை செய்தவர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனும் பாடகனாக வரவேண்டும் என்பது அவர் ஆசை. மாயூரத்தில் நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் சங்கீதமும் கற்று வந்தான். பிள்ளையவர்களுக்கு இது பின்னால் தெரிய வந்தது. சங்கீதப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியத்தில் புத்தி முழுதும் செல்லாது என்பது அவர் கருத்து. அவ்வளவுதான், மாணவர் அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தை நம் மேடைகள் குருபக்தி என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. நூலில் ஐயரும் ஆசிரியர்மேல் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாசகனாகிய நாம் சொல்ல வேண்டும். இது ஒரு இழப்பு. இரண்டு ஆசிரியர்களில் ஒருவரைத் தேர்ந்ததால் மற்றவர் வித்தை கைநழுவியது. வழிகாட்டிகள் கதவைத் திறப்பவர்கள் என்று மட்டும் பேசுகிறோம்; ஒரு கதவைத் திறக்கும்போது இன்னொன்றைச் சாத்திவிடுவதும் அவர்களே.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. பிற்காலத்தில் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளை எழுதியவர் அதே சாமிநாதையர்தான். இசைச் செய்திகள் நிறைந்த சிலப்பதிகாரத்தை 1892இல் உரையோடு பதிப்பித்தவரும் அவரே. தொண்டையிலிருந்து போனது பேனாவில் திரும்பி வந்தது. ஆகவே அந்தப் பெண்ணுக்கு என் முதல் பதில் இது: “அவர் விட்டது நிஜம்மா. அது நஷ்டம்தான். ஆனா முழுக்க விடலை. வேற வழியா வச்சிக்கிட்டார்.”

பிள்ளையவர்களிடம் ஐயர் கற்றது நூல்கள் மட்டும் அல்ல. அந்தத் திண்ணையில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவர் இருந்தார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் பிள்ளையவர்களுடைய மாணவர். சைவ மடத்து வித்துவான் ஒருவர் சமயம் பார்க்காமல் பாடம் சொன்னதைக் கூட இருந்து கண்ட பையன், பிறகு ஒருநாள் சைனர் வீட்டு வாசற்படி ஏறக் கூச்சப்படவில்லை. இதைப் பிள்ளையவர்கள் பாடமாகச் சொன்னதாக நூலில் இல்லை. நடந்து காட்டியதுதான் பாடம்.

இடம் கொடுத்தவர், கேள்வி கேட்டவர்

1876இல் பிள்ளையவர்கள் மறைந்தார்கள். பிறகு திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் ஆதரித்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று முயன்று வாங்கிக் கொடுத்தார். செட்டியாரும் பிள்ளையவர்களுடைய மாணவர். தான் எழுந்து நின்று இளையவனுக்கு நாற்காலியைக் கொடுப்பது எவ்வளவு அரிய காரியம் என்பது நம் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதே 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். ஊரார் வியக்கும் பட்டியல் அது. முதலியார் அசையவில்லை. இதனாலெல்லாம் என்ன பயன் என்கிற மாதிரி பேசிவிட்டு, பழைய நூலாகிய சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை.

இந்தச் சந்திப்பை ஐயர் மறைக்காமல் எழுதியதுதான் அந்நூலின் பெரிய நேர்மை என்பேன். இருபத்தைந்து வயது, கல்லூரி வேலை, மகாவித்துவானின் நேர்மாணவர். கோபித்துக்கொண்டு வந்திருக்கலாம். முதலியார் ஆசிரியரும் அல்லர், பாடம் சொன்னவரும் அல்லர். ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று பின்னால் ஒரு வரிசையாகவும் முளைத்தது. பிள்ளையவர்கள் மாணவனை உருவாக்கினார். முதலியார் அந்த உருவத்தில் குறை இருக்கிறது என்று காட்டினார். இரண்டும் வேண்டும். நம் பேச்சுப் போட்டியில் பிள்ளையவர்கள் ஒன்பது முறை வந்தார். முதலியார் ஒருமுறைதான் வந்தார், அதுவும் ஏட்டுச் சுவடி கொடுத்தவராக மட்டும்.

வாராத பெயர்கள்

சமணனாகிய நான் இங்கே ஒன்று சொல்லாவிட்டால் கட்டுரை அரைகுறையாகும். சிந்தாமணியை எடுத்த ஐயருக்கு நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமயச் செய்திகள் விளங்கவில்லை. கேட்டறியக் கும்பகோணத்துச் சைனர்களிடம் போனார். சந்திரநாத செட்டியார் வீட்டில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதமாகப் படித்துக் கேட்டு வந்த சிந்தாமணி அன்று நிறைவு பெற்றதாம். வித்துவான்கள் உலகம் மறந்துவிட்ட நூலை ஒரு வியாபாரிகள் கூட்டம் பூசையாகப் படித்துக்கொண்டிருந்தது! வீடூர் அப்பாசாமி நயினாரும் அங்கே அறிமுகமானார். ஐயருக்கு இருந்த ஐயங்களை அவர்கள் தீர்த்து வைத்தார்கள். வேற்றுச் சமயத்தாரைப் பற்றி நாங்கள் எளிதில் சொல்லாத ‘பவ்ய ஜீவன்’ என்ற சொல்லால் அந்த வட்டத்தில் அவரை மதித்தார்கள்.

இத்தனைக்கும் சிந்தாமணிக்கு எதிராகவே பெரியபுராணம் எழுந்ததாகச் சேக்கிழார் புராணம் கூறுகிறது. சைவ மடத்தில் வளர்ந்தவருக்கு அப்படிப்பட்ட நூலை விளக்க அவர்களும் தயங்கியிருக்கலாம், கேட்க இவரும் தயங்கியிருக்கலாம். இருவரும் தயங்கவில்லை. ஐயர் அவர்கள் பெயரை நன்றியோடு எழுதி வைத்தார். எழுதாமல் விட்டது பிறகு வந்த மேடைப் பேச்சும் பிள்ளைகளுக்கான சிறு நூல்களுமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை, குறிப்பாகச் சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் வடநாட்டுச் சைனர்கள், “மதராஸில் சைனர் உண்டா?” என்பார்கள், சொந்த ஊருக்குப் போனால் நம்மவர்கள், “நீங்க மார்வாடியா?” என்பார்கள். அந்தக் கும்பகோணத்து அத்தியாயத்தை முதன்முதலில் படித்த அன்று, இரண்டு கேள்விக்கும் சேர்த்து எனக்குப் பதில் கிடைத்தது. ஒருவன் தன் முன்மாதிரியைப் பெரிய மனிதரிடம்தான் காணவேண்டும் என்பதில்லை. நாலு பேர் உட்கார்ந்து ஒரு நூலைப் படித்து முடித்துத் தோரணம் கட்டினார்கள் என்பதிலும் காணலாம்.

அச்சணந்தி வாங்கிய வாக்கு

இனி, அவர்கள் படித்த நூலுக்குள்ளேயே ஓர் ஆசிரியன் இருக்கிறான். சீவகன் சுடுகாட்டில் பிறந்த அரசகுமாரன்; கந்துக்கடன் என்ற வணிகன் எடுத்து வளர்த்ததால் தன்னை வணிகன் மகன் என்றே எண்ணி வளர்கிறான். யானைத்தீ என்னும் பெரும்பசி நோயோடு வந்த அச்சணந்தி, சீவகன் கொடுத்த உணவால் நோய் தீர்ந்து, நன்றிக்குக் கல்வி கற்பிக்கிறார். இங்கே ஆசிரியர் வாங்கியவர், மாணவன் கொடுத்தவன் என்பதைக் கவனிக்கவேண்டும்.

கல்வி முடிந்ததும், யாருடைய கதையோ போல ஒரு கதை சொல்கிறார். அமைச்சனை நம்பி நாட்டை ஒப்படைத்த அரசன், அவன் செய்த துரோகம், மயிற்பொறியில் தப்பிய அரசி, சுடுகாட்டில் பிறந்த குழந்தை. யார் அந்தக் குழந்தை என்று கேட்கிறான் சீவகன். நீதான் என்கிறார். அவன் மூர்ச்சையாகிறான், தெளிந்ததும் கட்டியங்காரனை இப்போதே கொல்வேன் என்று எழுகிறான்.

அப்போது ஆசான் செய்ததுதான் எனக்கு முக்கியம். போ, உன் குலப்பெருமையை நிலைநாட்டு என்று தூண்டிவிடவில்லை. ஓராண்டு அவன்மேல் செல்லமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார். பிறகு தாம் தவத்துக்குப் போய்விடுகிறார். நீ யார் என்று சொல்வது பாதி வேலை. அதைத் தெரிந்துகொண்டதும் வருகிற சூட்டைத் தாங்கப் பழக்குவது மறுபாதி. பக்கத்திலேயே இருந்து சீடனைத் தன் நிழலாக வைத்துக்கொள்ளாமல் விலகுவது, கணக்கில் எழுதாத மூன்றாவது பாதி! கடைசியில் சீவகனைத் துறவுக்குத் திருப்புவதும் அந்த ஆசான் அல்லர். சோலையில் மந்தியிடமிருந்து காவற்காரன் பறித்த பலாப்பழம். கண் திறந்துவிட்டால் குரங்கும் குருவாகும்.

நம் பிள்ளைகளுக்கு

வெளிமாநிலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்வது, “நீ தமிழன், உன் பாட்டன் அப்படி, முப்பாட்டன் இப்படி” என்பது. சொல்லவேண்டியதுதான். ஆனால் அச்சணந்தி வாங்கிய வாக்கை நாம் வாங்குகிறோமா? பெருமையைக் கொடுத்துப் பொறுமையைக் கொடுக்காத வழிகாட்டிகள் இன்று எல்லா மொழியிலும் எல்லாச் சாதியிலும் எல்லாச் சமயத்திலும் மலிந்திருக்கிறார்கள். நம் பையன்கள் அவர்கள் கையில் அகப்படுவதற்கு நாமும் காரணம். முதலியார் கேட்ட மாதிரி ஒரு கேள்வியை வீட்டில் யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. அவர்கள் நம்மைக் கேட்டாலோ “அந்தக் காலம் அப்படி” என்கிறோம்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு இரண்டாவது பதில் இதுதான். அவர் செய்தது சரியா என்று கேட்டாயே அம்மா. அந்தக் கேள்வி ஐயருடைய பதினாறு வயதில் அவரிடம் இருந்ததா என்று தெரிய நூலில் இடமில்லை. உன்னிடம் இருக்கிறது. அதை விட்டுவிடாதே. யார் விடச் சொன்னாலும், நான் சொன்னாலும்.

அடுத்த ஆண்டுப் போட்டிக்குத் தலைப்பு ஒன்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘முதலியார் என்னைக் கேட்டால்?’ குழு ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்கலாம்.