முன்னிலைக் கதையும் ஓடும் உடலும்: ‘ஜாம்பீஸ், ரன்!’ விளையாட்டு குறித்த திறனாய்வு

முன்னுரை

உடற்பயிற்சி நன்று என்பதை அறியாதவர் இலர். அறிந்ததை நாள்தோறும் செய்பவரோ சிலரே. அறிவுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியைக் கதையால் கடக்க முயலும் விளையாட்டுகள் இந்நூற்றாண்டில் பல தோன்றியுள்ளன. அவற்றுள் சில, அறிவுரையை முதலில் வகுத்துக்கொண்டு அதன்மேல் கதையைப் பூசுகின்றன. இலண்டனைச் சேர்ந்த சிக்ஸ் டு ஸ்டார்ட் நிறுவனமும் நாவலாசிரியர் நயோமி ஆல்டர்மனும் இணைந்து உருவாக்கி, 2012இல் வெளிவந்த ‘ஜாம்பீஸ், ரன்!’ என்னும் கைப்பேசிச் செயலி ஓட்டத்தையே கதை நிகழ்வாக்குகிறது. அது அவ்வாறு ஆக்கும் முறையையும், அம்முறையில் அமைந்துள்ள முரணையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையமைப்பு

ஜாம்பிகள் எனப்படும் நடைபிணங்களால் உலகம் சீரழிந்துவிட, எஞ்சியோர் சிலர் ஏபல் என்னும் குடியிருப்பில் வாழ்கின்றனர். கேட்பவரே அக்குடியிருப்பின் ‘ஐந்தாம் ஓட்டக்காரர்’. சாம் யாவ் என்னும் வானொலி இயக்குநரின் குரல் காதில் வழிகாட்ட, அவர் தம் ஊர்த் தெருவில் ஓடுகிறார். கதைப்பகுதிகளுக்கு இடையே அவர் தேர்ந்த பாடல்கள் ஒலிக்கின்றன. ஓடுகையில் சேரும் பொருள்களைக் கொண்டு குடியிருப்பைப் பின்னர் விரிவாக்கலாம்.

முன்னிலையும் மௌனமும்

ஐந்தாம் ஓட்டக்காரர் கதையில் பேசுவதில்லை. அவர் ஆணா, பெண்ணா என்பதும் வரையறுக்கப்படுவதில்லை. இவ்வுத்தியின் பயனைத் தமிழ் இலக்கணம் கொண்டு விளக்கலாம். ‘ஓடினான்’, ‘ஓடினாள்’ என்னும் படர்க்கை வினைமுற்றுகள் பால் காட்டுவன. ‘ஓடினாய்’ என்னும் முன்னிலை வினைமுற்று பால் காட்டாது. அதுபோலவே இக்கதையும் கேட்பவர் எவராயினும் வந்து நிற்பதற்குரிய ஓரிடத்தை வெறுமையாக விட்டுவைக்கிறது. சாமின் வேண்டுகோளுக்குப் பாத்திரம் சொல்லால் விடையளிப்பதில்லை. கேட்பவரின் ஓட்டமே விடையாகிறது. ஆகவே, உடற்பயிற்சியை வலியுறுத்தும் ஏவல் கதைக்குள் தேவையற்றதாகிவிடுகிறது.

தண்டிக்காத கதை

ஆயினும் இவ்வமைப்பில் ஒரு முரண் உண்டு. ஜாம்பிகள் துரத்தும்போது வேகத்தைக் கூட்டாதவர், தாம் சேர்த்த பொருள்களை இழக்க நேரும்; ஆனால் கதையின் போக்கு மாறாது. மெல்ல நடந்தவரும் விரைந்து ஓடியவரும் ஒரே கதையையே கேட்கின்றனர். துரத்தலே வேண்டாமென விலக்கிவைக்கவும் வசதியுள்ளது. குடியிருப்பின் வாழ்வு கேட்பவரின் கால்களை நம்பியிருப்பதாகக் கதை உணர்த்துகிறது; அக்கால்கள் தளர்ந்தாலும் குடியிருப்புக்கு எதுவும் நேர்வதில்லை. செயலுக்கேற்ற விளைவை எதிர்பார்க்கும் விளையாட்டியல் நோக்கில் இது ஒரு குறையே.

நலவாழ்வு நோக்கிலோ இதுவே அறமாகிறது. தளர்ந்தவரைக் கதை தண்டிக்குமாயின், ஓட்டம் மிகவும் தேவைப்படும் மூத்தோரும் புதிதாகத் தொடங்குவோருமே முதலில் விலகிச் செல்வர். இச்செயலியின் இணைப்படைப்பாளரான ஏட்ரியன் ஹான், 2022இல் வெளியிட்ட ‘யூ ஹாவ் பீன் ப்ளேய்ட்’ என்னும் நூலில், நிறுவனங்களும் அரசுகளும் பள்ளிகளும் விளையாட்டுக் கூறுகளைக் கொண்டு மக்களைக் கட்டுப்படுத்தும் போக்கைச் சாடுகிறார். ஊக்குவிப்பது எங்கே முடிந்து ஆட்டுவிப்பது எங்கே தொடங்குகிறது என்னும் வினாவை அவர் தொழிலுக்கு உள்ளிருந்தே எழுப்புகிறார். அவ்வினாவுக்கு இக்கதையமைப்பை ஒரு விடையாகக் கொள்ளலாம்.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. தொடர்கதை வாசகரைப் போலவே இவ்விளையாட்டின் ஓட்டக்காரரும் அடுத்த பகுதியை அறியும் ஆவலால்தான் மறுநாளும் புறப்படுகிறார். அவரை இழுப்பது கதை. உடல்நலம் அதன் உடன்விளைவு. கதை முடிந்தபின் ஓட்டம் பழக்கமாக நிலைக்குமா என்பதைக் கதையால் உறுதிசெய்ய இயலாது.

முடிவுரை

நலவாழ்வுக் கதைவிளையாட்டுகளை அளவிடும்போது, அவை எத்தனை பேரை ஓடச்செய்தன என்பதோடு நின்றுவிடலாகாது. ஓட இயலாத நாளில் அவை அம்மனிதரை எவ்வாறு நடத்துகின்றன என்பதும் அளவுகோலாக வேண்டும். அவ்வகையில், பின்தங்கியவரையும் கைவிடாமல் கதைக்குள்ளேயே வைத்துக்கொள்வது ‘ஜாம்பீஸ், ரன்!’ விளையாட்டின் முதன்மையான சிறப்பு எனலாம்.